மணி அடிக்காத பதினெட்டு நாள்

எங்கள் பள்ளிக்கூடத்து மணியைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மணி என்று மரியாதையாகச் சொல்கிறேனே தவிர, உண்மையில் அது ஒரு முழ நீளமுள்ள பழைய ரயில் தண்டவாளத் துண்டு. வேப்ப மரக் கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாள் ஒன்றுக்கு எட்டுப் பாடவேளை; ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தண்டவாளத்துக்குக் கட்டுப்பட்டு நான் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். எத்தனையோ தடவை, ஒரு பையன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "ஸார், அது ஏன்..." என்று வாயைத் திறப்பான். உடனே 'டாண்' என்று சத்தம் கேட்கும். "நாளைக்குப் பார்க்கலாம், உட்கார்" என்பேன். மறுநாள் அவனுக்கும் கேள்வி ஞாபகம் இருப்பதில்லை; எனக்கும் இருப்பதில்லை.

மாணவர்களின் நிலைமையை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் நாற்பது நிமிஷம் திருக்குறள். அடுத்த நாற்பது நிமிஷம் கந்தக அமிலம். அதற்கடுத்து மௌரியப் பேரரசு. அசோகர் கலிங்கத்திலிருந்து திரும்புவதற்குள் வர்க்க சமன்பாடு வந்துவிடும். நாம் பெரியவர்கள் யாராவது இப்படி ஒரு நாள் வேலை செய்வோமா? காலையில் அரை மணி தச்சு வேலை, பிறகு அரை மணி சமையல், பிறகு அரை மணி கணக்குப்பிள்ளை உத்தியோகம் என்று யாரேனும் நம்மை விரட்டினால் மறுநாளே ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிடுவோம்.

ஒரே பாடத்தைச் சில வாரங்களுக்கு விடாமல் படிப்பது என்ற ஏற்பாடு நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. கோடை வந்தால் தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகை தொங்குகிறது. 'இருபதே நாளில் பௌதிகம்', 'பதினைந்தே நாளில் ரசாயனம்' என்கிறார்கள். இதற்குக் கிராஷ் கோர்ஸ் என்று பெயர். மோதி நொறுங்குவதற்கும் இங்கிலீஷில் அதே வார்த்தைதான். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்னவோ! அங்கேயும் மணி உண்டு. நாற்பது நிமிஷத்துக்குப் பதில், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம் என்று அடிக்கும் மணி. அந்த வகுப்புகளை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன். பரீட்சை என்ற ஆற்றைத் தாண்ட வேண்டியவனுக்கு ஓடம் வேண்டும் அல்லவா? ஆனால் ஓடத்தில் போய் வந்தவனுக்கு நீந்தத் தெரியும் என்று யாரும் சொல்வதில்லை.

வேறு விதமான ஒரு கோடை வகுப்பைப் பற்றி நான் படித்தது தற்செயலாகத்தான். அமெரிக்காவில் ஆர்னால்டு ராஸ் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். 1906-ல் பிறந்து 2002 வரை வாழ்ந்தவர். 1957-ஆம் ஆண்டு, நோட்டர் டேம் சர்வகலாசாலையில், ஹைஸ்கூல் மாணவர்களுக்காக ஒரு கோடை வகுப்பை ஆரம்பித்தார். 1964-ல் அவர் ஒஹாயோ மாகாண சர்வகலாசாலைக்குப் போனபோது வகுப்பும் அவரோடு போயிற்று. அங்கே வந்து சேரும் பிள்ளைகளுக்கு வாரக் கணக்கில் ஒரே பாடந்தான். அதுவும் கணிதம் முழுவதும் அல்ல. ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண்களின் குணங்களைப் பற்றிய ஒரு கிளை மட்டும். எளிய விஷயங்களைப் பற்றி ஆழமாக யோசியுங்கள் என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த ஒரே உபதேசம். தினம் ஒரு தாளில் கேள்விகள் கொடுப்பார்கள். விடையை யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்து, ஒரு ஒழுங்கைக் கண்டு, இது எப்போதும் உண்மைதானா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் நிரூபிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒஹாயோ ஞாபகம் வரவில்லை. மாயூரம் ஞாபகம் வந்தது. 1871-ல் உ. வே. சாமிநாதையர் தமது பதினாறாவது வயதில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது அந்த ஊரில்தானே? 1876-ல் ஆசிரியர் காலமாகும் வரை அவருக்கு ஒரே பாடம், தமிழ். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாடம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் ஊக்கம் குறைந்துவிடும் என்று பிள்ளையவர்கள் கருதியது தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். சங்கீதத்துக்கு அதனால் நஷ்டந்தான். தமிழுக்கு வந்த லாபத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படியாக ஒஹாயோவும் மாயூரமும் சேர்ந்து என்னைக் கெடுத்தன. 2023-ஆம் ஆண்டு கோடையில், பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பதினெட்டு நாள், காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் ஒரு மணி வரை, முழு எண்களைப் பற்றி மட்டும் வகுப்பு நடத்துவது என்று தீர்மானித்தேன். கட்டணம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. தலைமை ஆசிரியரிடம் ஓர் அறையும் ஒரு மின்விசிறியும் கேட்டேன்.

அவர் என்னைக் கவலையோடு பார்த்தார். "ஒரே பாடத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் என்ன ஆகும் தெரியுமா? பக்கத்திலே கும்பகோணத்திலே ராமானுஜன் என்ன ஆனார்?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ராமானுஜன் சுமார் பதினாறு வயதில், 1903-ல், ஜி. எஸ். கார் என்பவருடைய கணிதச் சூத்திரத் தொகுப்பைக் கையில் எடுத்தார்; அதன் பிறகு மற்றப் பாடங்கள் அவர் கண்ணில் படவில்லை. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் போயிற்று. சென்னையில் பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார், 1907-ல் எப். ஏ. பரீட்சையில் தவறினார். ஐந்து வருஷம் ஒரே பாடம் படித்தால் அந்த ஆபத்து உண்டுதான். பதினெட்டு நாளில் யாரும் ராமானுஜனாகவும் ஆகிவிட மாட்டார்கள், எப். ஏ.யிலும் தவறிவிட மாட்டார்கள் என்று சொல்லி அறையை வாங்கிக்கொண்டேன்.

மே 2-ந் தேதி பதினான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். ஒரு கொத்தனாருடைய மகள். என் வகுப்பில் இரண்டு வருஷம் படித்தவள். எந்தப் பரீட்சையிலும் விடைத்தாளை அவள் முடித்ததே கிடையாது. பத்துக் கேள்வி கொடுத்தால் நாலு எழுதியிருப்பாள். அந்த நாலும் சரியாக இருக்கும். மற்ற ஆறும் வெள்ளைத்தாள். அந்த வருஷம் ஜனவரி மாதம் பெற்றோர்கள் கூட்டத்துக்கு அவளுடைய தகப்பனார் வந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்ததால் காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. எனக்கு அன்று நாற்பது பெற்றோர்களைப் பார்க்க வேண்டியிருந்தது. "பெண் நல்ல பெண். ஆனால் வேகம் இல்லை. மேல்வகுப்பில் கணக்கு வேண்டாம்; வேறு ஏதாவது எடுத்துப் படிக்கட்டும்" என்றேன். அவர் கையைக் கூப்பிவிட்டுப் போனார். எனக்கு அது ஒரு நிமிஷ வேலை.

வகுப்பின் முதல் மூன்று நாளை நான் கெடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மணி இல்லாவிட்டாலும் என் உடம்புக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் நானாகவே விஷயத்தை மாற்றினேன். கேள்வியைச் சொல்லி, அவர்கள் வாயைத் திறப்பதற்குள் விடையையும் சொன்னேன். மூன்றாம் நாள் இரண்டு பேர் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வானேன்? கத்திரி வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது.

நாலாம் நாள் காலையில் அந்தப் பெண் ஒரு காகிதத்தோடு வந்தாள். முதல் நாள் நான் போகிற போக்கில், 'குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவது ஏன்?' என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோரும் அதை மந்திரம் மாதிரி ஒப்பித்து வந்திருக்கிறோம். அவள் மட்டும் மூன்று நாளாக அந்தக் கேள்வியை விட்டு நகரவில்லை. ஒன்றும் குறை ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆகையால் அந்தக் கூட்டுத்தொகையைக் குறை ஒன்றால் பெருக்கினாலும் பூஜ்யந்தான் வரவேண்டும். அதில் ஒரு பங்கு குறை ஒன்று. அப்படியானால் மற்றப் பங்கு மிகை ஒன்றாக இருந்தே தீர வேண்டும். இதைக் காகிதத்தில் நாலு வரியில் எழுதியிருந்தாள்.

"இதற்கா மூன்று நாள்?" என்று நான் கேட்கவில்லை. நல்ல வேளையாக அன்றைக்கு எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது. அந்த நாலு வரியைப் பற்றியே அன்று நாலு மணி நேரமும் பேசினோம்.

ஐந்தாம் நாள் ஒரு புதிய கேள்வி கொடுத்தேன். ஒரு தேசத்தில் நாலு ரூபாய் நோட்டும் ஏழு ரூபாய் நோட்டும் மட்டுமே உண்டு. கடைக்காரர்கள் மீதி தருவதில்லை. எந்தெந்த விலையைச் சரியாகக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்க முடியாது? இந்த ஜாதிக் கணக்கெல்லாம் நமக்குப் புதிதல்ல. 499-ஆம் ஆண்டில் ஆரியபட்டர் தமது நூலில் குட்டகம் என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார், அது இதற்கு நெருங்கிய உறவு. நிற்க. அன்று மத்தியானத்துக்குள் எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள்: 1, 2, 3, 5, 6, 9, 10, 13, 17 ஆகிய ஒன்பது விலைகளைக் கொடுக்க முடியாது. 18, 19, 20, 21 நான்கையும் கொடுக்க முடிகிறது. அவற்றோடு ஒவ்வொரு நாலு ரூபாய் நோட்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் அதற்கு மேற்பட்ட எல்லா விலையும் வந்துவிடும். ஆகவே, கொடுக்க முடியாத விலைகளில் பெரியது 17.

இதற்குச் சூத்திரம் உண்டு. இரண்டு நோட்டுகளையும் பெருக்கி, அதிலிருந்து இரண்டையும் கழித்தால் அந்த 17 வரும். கொடுக்க முடியாத விலைகள் எத்தனை என்பதற்கும் சூத்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயர் கண்டது. எம். எஸ்ஸி. படித்தபோது இரண்டையும் நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்பவும் கீழே வைத்தேன். 'ஏன் ஒன்பது?' என்று மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

அந்த இரண்டு சொற்கள் பலகையில் ஒன்பது நாள் இருந்தன. தினமும் வேறு விஷயங்களும் பேசினோம். பகா எண்கள் முடிவில்லாதவை என்பதற்கு யூக்ளிட் சொன்ன நிரூபணம், மீதியை வைத்துக் கணக்கிடும் முறை என்று எவ்வளவோ பேசினோம். ஆனால் பலகையின் மூலையை யாரும் அழிக்கவில்லை. இதற்குள் இன்னும் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவன் கெட்டிக்காரன், வகுப்பில் முதலாவதாக வருகிறவன். "விடை தெரிந்த பிறகு இன்னும் என்ன ஸார் இருக்கிறது?" என்று நேராகவே கேட்டுவிட்டுப் போனான். வேகத்துக்கு மார்க்குப் போட்டுப் போட்டு அவனை அப்படிப் பழக்கியவன் நானே.

பத்தாம் நாள் அந்தப் பெண் எழுந்து நின்றாள். பேச்சு சுலபமாக வராது அவளுக்கு.

"ஸார், பதினேழிலிருந்து கழித்துப் பாருங்கள்."

"எதை?"

"எதை வேண்டுமானாலும்."

பார்த்தேன். ஒன்று முடியாது, பதினாறு முடியும். இரண்டு முடியாது, பதினைந்து முடியும். நாலு முடியும், பதின்மூன்று முடியாது. எட்டு முடியும், ஒன்பது முடியாது. பூஜ்யத்திலிருந்து பதினேழு வரை உள்ள பதினெட்டு எண்களும் ஒன்பது ஜோடிகளாகக் கைகோத்து நின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று முடியும்; ஒன்று முடியாது. சூத்திரத்தை இருபது வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்து வைத்திருந்த எனக்கு இந்த ஜோடிகள் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

"இரண்டுமே முடியும் என்று ஒரு ஜோடி இருக்கக்கூடாதோ?" என்றான் ஒரு பையன்.

"இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பதினேழைக் கொடுத்துவிடலாமே!" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டுமே முடியாத ஜோடி ஏன் இல்லை என்பதுதான் கஷ்டமான பாதி. பதின்மூன்றாம் நாள் வரை இழுத்தது. அவளும் வேறு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்தார்கள். கடைக்காரர் ஏழு ரூபாய் நோட்டாக மீதி தரலாம் என்று சட்டத்தைச் சற்றுத் தளர்த்தினார்கள். நாலு ரூபாய் நோட்டு ஏழு சேர்ந்தால் ஏழு ரூபாய் நோட்டு நாலாக மாற்றிக்கொள்ளலாமாதலால், நாலு ரூபாய் நோட்டு ஆறுக்கு மேல் வேண்டியதில்லை. இப்படி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு விலையையும் ஒரே ஒரு விதமாகத்தான் கொடுக்க முடியும். ஒரு விலைக்கு ஏழு ரூபாய் நோட்டைக் கடைக்காரர் தர வேண்டியிருந்தால், அதன் ஜோடிக்கு அவர் ஒன்றுமே தர வேண்டியதில்லை என்று கணக்கு வந்தது. ஆகவே ஜோடியில் ஒன்று நிச்சயமாக முடியும். அன்றைக்குத்தான் பலகையின் மூலையை அழித்தோம். அழித்தது நான் அல்ல.

பதினாறாம் நாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாயிற்று. அவளுக்குக் கணக்கில் 58 மார்க்கு. விடைத்தாளை முடித்திருக்க மாட்டாள்; எனக்குத் தெரியாதா? வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு, "மேல்வகுப்பில் என்ன எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"வணிகவியல் ஸார். அப்பா சொல்லிவிட்டார்." பிறகு சற்றுத் தாமதித்து, "நீங்கள் சொன்னீர்கள் என்று சொன்னார்" என்றாள். அவள் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. செய்தி சொல்வது போலத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தகப்பனார் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தார். நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார். வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியங்கள் ஒன்றும் பிரயோஜனப்படவில்லை.

"ஜனவரி மாதம் நான் சொன்னது தப்பு. உங்கள் பெண்ணுக்குக் கணக்கு வரும். எனக்கு வருவதைவிட நன்றாக வரும்" என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. "இருபது வருஷம் பாடம் சொல்கிற ஸார் சொல்கிறாரே என்றுதான் நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை" என்றார். பிறகு, "வேகம் இல்லை என்று சொன்னீர்களே ஸார், அது இப்போது வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லை, வேகம் இன்னும் இல்லை."

அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த தமது ரசமட்டத்தைப் பார்த்தார். "எனக்குக்கூட மேஸ்திரியிடம் அந்தப் பெயர்தான்" என்றார்.

மேல்நிலைப்பள்ளியில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் இடம் வாங்குவதற்கு நான் மூன்று தடவை நடந்தேன். 58 மார்க்குக்குக் கணக்குப் பிரிவா என்று அங்கே கேட்டார்கள். பதினெட்டு நாள் கதையைச் சொன்னேன். அவர்களுக்கு அது ருசிக்கவில்லை. கடைசியில் இடம் காலியாக இருந்ததால் கிடைத்தது. என் வாதத்தினால் அல்ல.

என் கோடை வகுப்பின் பலனை மிகைப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆகஸ்டு மாதம் மற்ற எட்டுப் பேரில் நாலு பேரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். பாதிக்கு மேல் மறந்துவிட்டிருந்தார்கள். கற்றது எவ்வளவு சீக்கிரம் மறந்து போகிறது என்பதை ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்து 1885-லேயே புஸ்தகமாக எழுதிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் நிற்கும் என்பதும் அவர் கண்டதே. அந்த வகையில் எங்கள் தண்டவாளத் துண்டுக்கும் நியாயம் உண்டு. வருஷம் முழுவதும் ஒரே பாடம் நடத்து என்று யாராவது சொன்னால் நானே எதிர்த்து நிற்பேன். மும்பையில் ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி நிலையத்தார், சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்காக நாடெங்கிலுமிருந்து பொறுக்கியெடுத்த பிள்ளைகளைக் கோடையில் சுமார் ஒரு மாதம் வைத்துப் பழக்குகிறார்கள். 1989 முதல் நம் நாட்டுப் பிள்ளைகள் அதில் கலந்துகொள்கிறார்கள். ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பது அங்கே நோக்கம். என் வகுப்பிலிருந்து யாரும் அவ்விடம் போகப் போவதில்லை. விடைத்தாளில் காலியாக விடப்பட்ட இடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு எனக்கே பதினெட்டு நாள் பிடித்தது. அதற்கு முந்திய இருபது வருஷத்து விடைத்தாள்களை நினைத்தால் மட்டும் சில இரவுகளில் தூக்கம் வருவதில்லை.

அவள் 2025-ல் மேல்நிலைப் பரீட்சை எழுதினாள். கணக்கில் 71. இந்தத் தடவையும் தாளை முடிக்கவில்லையாம். அரசாங்கக் கலைக் கல்லூரி ஒன்றில் கணிதப் பட்டப் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்த சில வாரங்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பழைய நோட்டுப் புத்தகம்.

"ஸார், அந்தத் தேசத்தில் ஒன்பது ரூபாய் நோட்டும் அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு பார்த்தேன். இப்போது கொடுக்க முடியாதது ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, பத்து. அவ்வளவுதான். பெரியது பத்து. பத்திலிருந்து கழித்தால் எல்லாம் சரியாக ஜோடி சேருகிறது. ஐந்துக்கு மட்டும் ஜோடி ஐந்தேதான்; அதையும் கொடுக்க முடியவில்லை."

"ஏன் அப்படி?" என்றேன்.

"தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போய், இரண்டு டம்ளர் மோரும் என் மூக்குக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தேன்.